அறுபத்திரண்டு கஜம்

மார்ச் 11, 1984

மனைவி நாடீன் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய ரொட்டி அடுப்பில் துப்பாக்கித் தோட்டாவுக்கான நாலு ராத்தல் ஈய ரவையைத் தட்டில் பரப்பிச் சுட வைத்தேன். உருகுவதற்குச் சற்று முன்னால் எடுத்து, சூடு ஆறுவதற்குள் பனிக்கட்டித் தண்ணீரில் கொட்ட வேண்டும். கடை ரவை மென்மையானது; துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே நசுங்கி, வெளியே வந்ததும் கண்டபடி சிதறும். நான் டயர் கடையில் கழற்றிப்போடும் சக்கர எடைக்கட்டிகளை உருக்கிச் செய்த ரவை கொஞ்சம் கெட்டி. இப்படிச் சுட்டு நனைத்தால் பல்லால் கடித்தாலும் தடம் விழாது. கடைசிவரை உருண்டையாக, ஒரே கூட்டமாகப் போகும்.

நாடீன் வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "ஈயத்தச் சுட்ட அடுப்புல இனிமே ரொட்டி வேற சுடணுமாங்க? நீங்களே சுட்டுத் தின்னுங்க."

நியாயம்தான். பழைய அடுப்பு ஒன்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 8

ஆற்றோரம் காகிதம் கட்டி, அறுபது கஜத்திலிருந்து சுட்டுப் பார்த்தேன். ஓட்டைகளை எண்ணியவன் லோவெல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்; முதல் வகுப்பிலிருந்து கூட்டாளி. வேட்டையில் காட்டு வான்கோழிச் சேவலை வரவழைக்கப் பெட்டையைப் போல அவன் குரல் கொடுத்தால் பெட்டைக்கே சந்தேகம் வரும்.

"ஏண்டா ஆர்வெல், இது வான்கோழிக்கா, யானைக்கா?"

டாயலும் இருந்தான், நாடீனின் தம்பி. பத்துத் தோட்டா கேட்டான். கொடுத்தேன். என் ரவையைக் கடைத் தோட்டாக்களின் பழைய கூடுகளில்தான் அடைக்கிறேன், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. "அறுபது கஜம்னாலும் நம்பி அடி, மாப்ளே" என்று முதுகில் தட்டினேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏப்ரல் 23

டாயல் லோவெலைச் சுட்டுவிட்டான்.

ஏப்ரல் 24

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்றுதான் வான்கோழி வேட்டை திறந்த முதல் நாள். லோவெல் ஒரு ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து பெட்டைக் குரல் கொடுத்திருக்கிறான். டாயல் அந்தச் சத்தத்தைத் தேடி வந்து சுட்டிருக்கிறான். முகத்திலும் கழுத்திலுமாக இருபத்தொரு ரவை. வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றி இரண்டு நாளில் சொல்கிறார்களாம்.

வனத்துறை அதிகாரியிடம் டாயல் சொன்னது: நாற்பது கஜம், கடைத் தோட்டா, சிவப்பாக ஏதோ அசைந்தது, வான்கோழிச் சேவலின் சிவந்த தலை என்று நினைத்தேன். லோவெலின் சட்டைப் பையில் சிவப்புக் கைக்குட்டை இருந்திருக்கிறது. இந்த மாதத்தில் காட்டுக்குச் சிவப்பு கொண்டுபோகக் கூடாதென்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஊரே லோவெலைத்தான் திட்டுகிறது. அவன் பெண்டாட்டி கார்லீன்கூட, "நான் அத்தன தடவ சொல்லி அனுப்புனேனே" என்று அழுதாள்.

கடைத் தோட்டா என்று ஏன் சொன்னான்?

ஏப்ரல் 26

இடது கண்ணையும் எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 29

செய்யக்கூடாததைச் செய்தேன். காகிதத்தில் மனிதத் தலையும் கழுத்தும் வரைந்தேன். டாயலுக்குக் கொடுத்த, நானே அடைத்த அதே தோட்டா. நாற்பது கஜத்தில் தொண்ணூற்று மூன்று ஓட்டை. நாற்பது என்றால் லோவெல் இந்நேரம் மண்ணுக்குள். பின்னால் நகர்ந்து நகர்ந்து சுட்டேன். அறுபத்திரண்டில் இருபத்திரண்டு; லோவெல் மேல் பட்டதற்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு. அங்கிருந்தே கடைத் தோட்டாவால் சுட்டேன். மூன்று.

புதருக்கு அப்பால் அறுபத்திரண்டு கஜத்தில் எந்தக் கைக்குட்டை தெரியும்? அவன் எதையும் பார்க்கவில்லை. சத்தத்தைச் சுட்டிருக்கிறான்.

நேரே போய்க் கேட்டேன். டாயல் மறுக்கவில்லை.

"நாப்பதுன்னு சொல்லிட்டேன் மாமா. நாப்பதாவே இருந்துட்டுப் போகட்டும். அவனுக்குக் கண்ணா திரும்பி வரப்போகுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னான். "அறுபதுன்னாலும் நம்பி அடின்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

ஆமாம். நான்தான்.

மே 6

இன்றும் லோவெலைப் பார்க்கப் போகவில்லை. என்ன மனுஷன் நான்?

மே 13

போனேன். கார்லீன் உள்ளே விட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். லோவெல் கட்டுப்போட்ட முகத்தோடு நாற்காலியில் இருந்தான்.

"வாடா. ராத்திரி பகல் தெரியலடா, அதனால ஒரே யோசனை. மூக்கத் தொடைக்கக் கைக்குட்டைய எடுத்தேனா, இல்லையா? எடுத்த மாதிரியும் இருக்கு. என் கண்ண நானே குத்திக்கிட்டேனோ?"

முகத்திலிருந்து எடுத்த ரவைகளை ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்த சின்னப் புட்டியைத் திறந்து, ஒரு ரவையை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினான். நெடுநேரம் உருட்டினான்.

"எலும்புல பட்ட ரவைடா இது. கொஞ்சங்கூட நசுங்கல. உன்னோடதா?"

என்னோடதுதான் என்றேன். அடுத்தும் அவனேதான் கேட்டான்.

"எத்தன கஜம்?"

"அறுபத்தி ரெண்டு."

அவன் தோள் குலுங்கியது. "அப்ப என் தப்பு இல்லடா" என்றான். அதையே நாலைந்து முறை சொன்னான். "கார்லீன்கிட்ட சொல்லு. முதல்ல அவகிட்ட சொல்லு."

தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்காமல், மண் கையோடு உள்ளே ஓடினாள்.

மே 15

வனத்துறை அலுவலகத்தில் சுட்டுப் பார்த்த காகிதங்களை ஒப்படைத்து வாக்குமூலம் கொடுத்தேன். டாயலின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள், வழக்கு உண்டாம். நாடீன் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "எல்லாத்தையும் ஒழுங்கா எழுதிக் குடுத்தீங்களே, அந்தத் தோட்டாவ அவன் கையில குடுத்தது யாருன்னும் எழுதுனீங்களா?" என்று கேட்டாள்.

எழுதினேன். தோட்டா என்னுடையது, அறுபது கஜத்திலும் அடி என்று சொன்னதும் நான் என்று எழுதியிருந்தேன். அதிகாரி படித்துப் பார்த்தார். தோட்டா யாருடையது என்பது மட்டும் இருந்தால் போதும், மற்றது குற்றமில்லை, தேவையில்லை என்று நான் அடிக்கச் சொன்ன அந்த ஒரு வரியை அடித்துவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.