காலியாக விடாத கட்டம்

திருவண்ணாமலை
3.8.2025

அன்பு மகள் ரூபீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி புனேயில் நீ பேசியதை மொபைலில் பார்த்தபோது இருந்தவர்கள்: நான், கவுஸ் பாஷா பெரியப்பா, ரஹமத் பெரியம்மா, உனக்காகத் தன் வீட்டிலும் மழை அளக்கிற வேங்கிக்கால் சந்திரகலா டீச்சர். ஆக நாலு பேர். பால்காரர் ராமதாஸ் வாசலோடு போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை.

மலையைச் சுற்றி மழை எப்படி மாறுகிறது என்று சொல்லி, நம் மாடியில் நீ வைத்த மழைமானியைக் காட்டினாய். "தினமும் காலையில எங்கம்மாதான் அளந்து எழுதுறாங்க, ஒரு நாள்கூட விட்டதில்லை" என்றாய். பெரியப்பா, "மெஹ்ஜபீன், நீயும் சயின்டிஸ்ட் ஆயிட்டம்மா!" என்று சிரித்தார். நான் டீ போட எழுந்து போய்விட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
மெஹ்ஜபீன்


புனே
12.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நீங்க காகிதத்தில் எழுதியதால் நானும். என் கைடு ஒன்று கேட்டார். போன செப்டம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் நம் வீட்டு அளவெல்லாம் அஞ்சிலோ பூஜ்யத்திலோ முடியுதாம், நிஜமா அளந்தா அப்படி வராதாம். "எங்கம்மா பால் பாக்கெட்டைக்கூட எண்ணி எழுதுவாங்க சார்" என்று சண்டையே போட்டேன். அப்பா போன துக்கத்திலும் எழுதினீங்க என்றேன். அசல் நோட்டைப் பார்க்கணுமாம், கூரியரில் அனுப்புங்க. டிசம்பரில் மலையில் மண் சரிந்த நாளின் அளவை வைத்துத்தான் என் ஆய்வே நிற்கிறது.

ரூபீனா


திருவண்ணாமலை
19.8.2025

ரூபீனாவுக்கு,

நோட்டு இதோடு வருகிறது. உன் அப்பா மவுத்தாகி, அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் நான் இத்தா இருந்த நாலு மாசம் பத்து நாளும் மாடி ஏறவில்லை. எதிர் லாட்ஜ் ஜன்னலெல்லாம் நம் மாடியைப் பார்த்துத்தானே இருக்கு. துக்கம் கேட்க வந்த டீச்சர், "நான் ஏறிப் பாத்துட்டு வரட்டுங்களா?" என்றாங்க. "வேணாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். நோட்டில் அந்தந்த நாள் கட்டத்தைக் காலியாக விட மனசு வரவில்லை. கொட்டகைத் தகரத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டு, கம்மி, ஜாஸ்தி என்று பார்த்து ஒரு எண் போட்டேன். மண் சரிந்த அன்றைக்கும் அப்படித்தான்.

அல்லாஹ்வுக்காக இத்தாவை ஒரு நாள் குறையாமல் இருந்தேன். அந்த நாட்களிலேயே பொய்யும் எழுதினேன். எனக்காக நீ சண்டை போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. உன் கைடு கேட்டது சரி என்று அவரிடம் சொல்லிவிடு. அந்தப் பக்கங்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன், எதையும் அழிக்கவில்லை.

அதையெல்லாம் எடுத்துவிட்டால் உன் படிப்பு நின்றுபோய்விடுமா? டீச்சர் வீட்டு அளவு போதுமா? போன் வேண்டாம், உன் குரலைக் கேட்கத் தைரியமில்லை. சீக்கிரம் பதில் எழுது.

மெஹ்ஜபீன்