ஆண்டவர் அடைத்த கதவு

ஞாயிற்றுக்கிழமை, இரவு

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. எழுபது வயதில் பேனா பிடித்த கை; இந்த நோட்டுதான் மன்னிக்க வேண்டும். இன்று ஜெபக் கூட்டத்தில் நோவா காலத்து வெள்ளத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதிலிருந்து காதால் கேட்ட கதைதான். ஆனால் நோவா குடும்பம் ஏறியதும் பேழையின் கதவை ஆண்டவரே அடைத்தார் என்ற வரி இன்றுதான் மனதில் தைத்தது. மெதுவாகப் படிக்கிறவனால் எதையும் தாண்டிப் போக முடியவில்லை.

சபை மூப்பரிடம் கேட்டேன். "கடல்ல எவன் வுழுந்தாலும், நம்மகூட பேச்சுவார்த்தை இல்லாதவனா இருந்தாலும், வலைய அறுத்து வுட்டுட்டுப் போய்த் தூக்குறோம். அவரு இன்னாத்துக்குக் கதவ சாத்துனாரு?"

"படைச்சவரு அவரு, எடுக்கிறதும் அவரு இஷ்டம். எழுத்து தெரிஞ்சதும் ஆண்டவரையே கேள்வி கேக்குறியா, நைனா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தண்ணில போனவங்கல்லாம் பாவிங்கப்பா" என்றார்.

"அப்போ என் மவன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டீபன் எண்ணூர் முகத்துவாரத்தில் மூழ்கி நாலு வருஷம் ஆகிறது. அடக்க ஜெபம் சொன்னதும் இதே மூப்பர்தான். அவர் வேதத்தை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படுத்தால் அந்தக் கதவை யாரோ வெளியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது. கூப்பிடுகிற குரல் எனக்குத் தெரிந்த குரல். அடுத்த பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். முடித்ததும் இங்கே எழுதுகிறேன். ஆண்டவர் அழுதார் என்று எங்காவது ஒரு வரி இருந்தால் போதும்.