கார் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னல்

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து மஞ்சு, மலையை மூடிய பனி. பதினோரு மணிக்கு மேல்தான் எதிரே கார் ஸ்டாண்ட் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டூடியோவில் டச்சிங் பாக்கி: கல்யாண ஜோடி 3, அடையாளப் படம் 14. பதினாலும் நம் சிலோன் ஆட்கள், வீட்டு மனுவுக்கும் வேலை மனுவுக்கும். எல்லோருக்கும் ஒரே வேண்டுதல், தழும்பு தெரியக் கூடாது. அட்டைக் கடி, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டு, எதுவானாலும் நெகட்டிவில் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் இருக்காது. சிலோனில், அட்டனில் கற்றது, இங்கே வந்தும் சோறு போடுகிறது.

மதியம் மு. (முதலாளி) மாடிக்கு வந்தார். ஸ்டாண்டிலிருந்து இந்த மாதம் இரண்டாவது டாக்சி காணோமாம். டாக்சிக்காரர்களும் இன்ஸ்பெக்டரும் கேட்டுக்கொண்டார்களாம், நம் ஜன்னலில் ஒரு கேமரா வைக்க வேண்டுமென்று.

"நீ எப்படியும் வெளிச்சத்துக்கு ஜன்னலோரந்தான் உக்காந்திருக்கறே, கந்தையா. டிரைவரு இல்லாத ஆளு கார்க் கதவத் தொட்டான்னா ஒரு அமுக்கு அமுக்கிப்போடு."

கீழே போர்டும் மாட்டிவிட்டார். 'எச்சரிக்கை! இங்கு நிற்கும் கார்களைத் தொடுவோர் மேலிருந்து படம் பிடிக்கப்படுவர்.' மேலே யார் இருக்கிறார்? நான். கேமரா தெரிகிறதோ இல்லையோ, ஜன்னலில் என் தலை நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 6, புதன்

வெயில் கொஞ்சம். ஒருவரும் எதையும் தொடவில்லை. போர்டைப் படித்துவிட்டுத் தலை சீவிக்கொள்கிறார்கள். ஒரு டிரைவர் கீழிருந்து, "ஏனுங், என்னையும் ஒண்ணு எடுத்து ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க!" எல்லோரும் சிரிப்பு.

வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "திருடன் ஒங்க மொகத்த பாத்து வச்சிக்கிட்டான்னா என்னாங்க செய்றது?" இது எனக்குத் தோன்றாமல் இருந்தது. இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 8, வெள்ளி

எடுத்துவிட்டேன்.

மணி மூன்று. நல்ல வெளிச்சம். பழுப்புக் கோட்டு போட்ட ஒருவன், சொந்தக் காரைத் திறப்பவன் போல ஒரு கறுப்பு டாக்சியைத் திறந்தான். ஏறுமுன் போர்டைப் பார்த்தான், பிறகு நேரே மேலே. அமுக்கினேன். அமுக்கியதும் கீழே குனிந்துகொண்டேன். தலை தூக்கும்போது கார் இல்லை. டிரைவர் டீக்கடையிலிருந்து வந்து தலையில் கை வைத்துக் கத்தியது மாடிவரை கேட்டது.

பிலிமில் முகம் மிளகளவு. பெரிதாக்கி, அதைத் திரும்பப் படமெடுத்துப் பெரிய நெகட்டிவாக்கி, முப்பது பிரதி. மு. நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆச்சா ஆச்சா என்றார். நடுவில் அடையாளப் படம் 11 வேறு. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டினார்.

நவம்பர் 11, திங்கள்

படம் பஸ் ஸ்டாண்டில், பேக்டரி கேட்டுகளில், கோத்தகிரி பஸ்ஸின் பின்கண்ணாடியில்கூட. ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

பெருமாளை.

பெருமாள் சிலோனிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்தவன். வந்து இறங்கிய மண்டபம் கேம்பில் இரண்டு குடும்பமும் ஒரே அறை. இங்கே எஸ்டேட்டில் கேசுவல் கூலி, ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டில் கார் கழுவுவான். டிரைவர்கள் படத்தைப் பார்த்ததும், "இது நம்ம கார் கழுவற சிலோன்காரனாச்சே" என்றிருக்கிறார்கள்.

அவன் சம்சாரம் ராசம்மா ஸ்டூடியோப் படியில் வந்து நின்றாள். "அண்ணே, அன்னைக்கு அவரு மலையில மருந்தடிச்சிக்கிட்டு இருந்தாரு. கேசுவல் ஆளுக்கு செக்ரோல் வருகைப் புத்தகத்துல பேரு இல்லியாம். யாரும் சாட்சி சொல்ல வரமாட்டேங்கிறாங்க. படத்த எடுத்தது நீங்கதான? அது அவரு இல்லன்னு சொல்லுங்கண்ணே."

அது அவன் இல்லை. நான் கண்ணால் பார்த்தேன். பெருமாளுக்குக் கார் கழுவத் தெரியும், ஓட்டத் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்தால் பெருமாள் மாதிரிதான் இருக்கிறது. நானே ஏமாந்திருப்பேன்.

அவள் போனதும் நெகட்டிவை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். இடது கன்னத்தில் பளபளவென்று பென்சில் மினுமினுப்பு. ஞாபகம் வந்தது. முதலில் பெரிதாக்கிய படத்தில் காதிலிருந்து வாய் ஓரம்வரை ஒரு கறுப்புக் கோடு இருந்தது. பதினொரு முகங்களோடு பன்னிரண்டாவதாக அதையும் மூடியிருக்கிறேன். திருடனுக்கும் தழும்பு தெரியக் கூடாது என்று கை தன்பாட்டில் வேலை செய்துவிட்டது.



நவம்பர் 12, செவ்வாய்

மழை. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை:
1. வேலை போகும்.
2. குடியிருக்கும் அறையும் மு. கொடுத்தது. அதுவும் போகும்.
3. சிலோன்காரனுக்குச் சிலோன்காரன் உடந்தை என்பார்கள்.
4. பயம். முதல் மூன்றும் இதுதான்.

கீழே டிரைவர்கள் பேச்சு: "ரெண்டு நாளா அடி வாங்கறானாமா. இன்னும் காரு எங்கன்னு சொல்ல மாட்டேங்கறான்." "கல்லுளிமங்கனப்பா."

தெரியாததை எப்படிச் சொல்வான்? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு முகம்கூட டச் பண்ணவில்லை.

நவம்பர் 13, புதன்

காலையில் செல்வியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "மண்டபத்துல நம்ம புள்ளைக்கு காய்ச்சல் வந்தப்ப யாரு தூக்கிக்கிட்டு ஓடினா?" அவ்வளவுதான் கேட்டாள்.

பத்து மணிக்கு மு.விடம்.

"அடப்பாவி! யாரு உன்னையத் தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. கைப்பழக்கம்."

"வாயத் தொறக்காதே. ஸ்டூடியோ பேரு கெட்டுப்போயிரும்."

சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது, அதை இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்தவர் கோட்டைக் கழற்றாமல் நின்றார். "சோறு எறங்கல. எந்திரி. டர்பன்டைனும் பஞ்சும் எடுத்துக்க."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முன்னால் நெகட்டிவைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. நெகட்டிவில் கன்னத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு தெளிவாக வந்தது, படத்தில் அது கறுப்பாக விழும்.

"இந்தக் கோட்டை நீ இப்ப கீறலைன்னு நான் எப்படிய்யா நம்பறது?"

மு. போலீசிடம் இருந்த அசல் சின்ன பிலிமைக் கேட்டு வாங்கி லென்ஸ் வைத்துக் காட்டினார். மிளகளவு முகத்தில் மயிரளவு கோடு. இன்ஸ்பெக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உன்னைத்தான்யா உள்ள போடணும்."

உள்ளிருந்து யாரோ இருமினார்கள். பெருமாள் இருமல். கப்பலில் கேட்ட இருமல்.

சாயங்காலம் பெருமாளை விட்டுவிட்டார்கள். அவன் முன்வாசலால் வருவான் என்று நான் பின்வாசலால் வந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

தழும்போடு புதிய பிரதி முப்பது. கார் மேட்டுப்பாளையத்தில் கிடைத்தது, நாலு சக்கரமும் இல்லாமல். ஆள் கிடைக்கவில்லை.

மு. கேமராவிலிருந்து பிலிமை எடுத்துவிட்டார். "பூச்சாண்டிக்கு எதுக்குடா பிலிமு? சும்மா இருக்கட்டும், பாத்துப் பயந்துக்கட்டும்." வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவும் பயம்.

இப்போது ஜன்னலில் காலிக் கேமராவும் நானும். இந்தக் குளிரில் ஊரில் பாதிப் பேருக்குப் பழுப்புக் கோட்டு. ஒவ்வொன்றுக்கும் குனிகிறேன்.

நவம்பர் 18, திங்கள்

மஞ்சு இல்லை. நல்ல வெளிச்சம். பெருமாள் வந்தான்.

மாடிப்படியில் அந்த இருமல் கேட்டதுமே எழுந்துவிட்டேன். கையில் ஒரு பொட்டலம் டீத்தூள். "அண்ணே, நீங்க வந்து சொன்னதாலதான் விட்டாங்களாம், ஏட்டையா சொன்னாரு. என்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா மறக்க மாட்டேன்."

பேக்டரியில் நிரந்தர வேலைக்கு மனுப் போடுகிறானாம், படம் வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தான். மேலுதடு பிளந்து மூன்று தையல்.

"இத மட்டும் மறைச்சிடுங்கண்ணே. போலீசு அடின்னு தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க."

அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கோடு இருந்ததை, மூடியதை, மூடியதால் அவன் மாதிரி ஆனதை, செவ்வாய்க்கிழமை முழுக்கத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்ததை. எல்லாவற்றையும் கேமராவைப் பார்த்தபடியே சொன்னேன், அவனைப் பார்க்கவில்லை.

அவன் எழுந்திருக்கவில்லை. கீழே ஒரு டாக்சி கிளம்பிப் போனது.

"செவ்வாய்க்கிழமைதான் ஒதடு கிழிஞ்சிச்சு" என்றான்.

ஸ்டூலில் நேராக உட்கார்ந்து, "படத்த எடுங்க." இந்தத் தரம் 'அண்ணே' சொல்லவில்லை.

எடுத்தேன். தையலை மறைக்கவா விடவா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டான். டீத்தூளை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

நெகட்டிவ் காய்ந்துவிட்டது, பென்சில் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை. நாளைக் காலை வந்து வாங்குவான்.