தூசி என்று துடைத்த பவுடர்

கார்த்,

தரையைப் பார்த்துக் கால் வை. உன் எறும்புகள் சமையலறை முழுக்கத் திரிகின்றன. தப்பு என்னுடையதுதான். நேற்றுப் போட்ட சண்டைக்குச் சமாதானமாக நீ எறும்பு வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துவைத்தேன். விளிம்பில் வெள்ளையாக இருந்ததைத் தூசி என்று நினைத்துவிட்டேன். அவை ஏறி வராமலிருக்க நீ பூசிய பவுடர் என்பது, வரிசையாக வெளியே இறங்கியபோதுதான் புரிந்தது.

நாலு மணிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர் வருவார். "எறும்பு வேணுமா, நான் வேணுமா, முடிவு பண்ணு!" என்று நேற்றுக் கத்தினேனே, அந்தக் கோபத்தில் நான்தான் வரச் சொன்னேன். வேண்டாமென்று சொல்ல ஒன்பது தடவை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. கட்டட மேனேஜர் அவரிடம் சாவியைக் கொடுத்துவிடுவார். நீ வீட்டுக்கு வந்ததும் உள்தாழ்ப்பாளைப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன், அவரை உள்ளே விடாதே.

தட்டில் மேப்பிள் பாகு வைத்திருக்கிறேன், கொஞ்சம் எறும்புகள் அதில் கூடியிருக்கின்றன. பால்கனிக் கதவைத் திறக்காதே, பனி கொட்டுகிறது. அடுப்பில் சூப் இருக்கிறது.

லோர்னா

பி.கு.: பெட்டிக்குள் நீ வார்த்த பிளாஸ்டர் கூட்டில் ராணி எறும்பு மட்டும் இருக்கிறாள், முட்டைகளோடு. "ஒரு தடவை வந்து பாரேன், லோர்னா" என்று எத்தனை நாள் கூப்பிட்டாய்! இன்றைக்குப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். நான் வேலைக்குப் போகவேண்டிய இரண்டு பஸ் போய்விட்டது.