ஆயுத பூஜையில் வைத்த கரி

மைசூர்
14-11-1996

சிரஞ்சீவி ஜெயகிருஷ்ணனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் பிரதிபாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன், கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகிறது. உன் தங்கை பிள்ளை வாமன் கணக்கில் கிளாஸிலேயே முதலாவதாக வந்தான். அவன் தங்கை தன்மயி வீணைப் போட்டியில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கினாள். உன் பெண் ஹம்ஸா விஷயம் பெரிது, அதனால் கடைசியில் எழுதுகிறேன்.

கரி சுடவா எம்.எஸ்ஸி. படிக்க வைக்கிறேன், இந்த பிராஜெக்ட் தேறாவிட்டால் இங்கே வந்து கம்ப்யூட்டர் கிளாஸில் சேரட்டும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அவள் ராத்திரி சாப்பிடவில்லை. பட்டுச் சாயப் பட்டறையிலிருந்து ஓடையில் விடுகிற ஊதாத் தண்ணீரில் உமியைச் சுட்ட கரியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால் சாயம் கரியோடு போய்விடும், அதுதான் அவள் படிப்பு. டப்பாவில் காற்றுப் புகாமல் மூடிச் சுட வேண்டுமாம், திறந்து எரித்தால் பெரும்பாலும் சாம்பலாகிவிடுமாம். அஞ்சாவது படித்த எனக்கே புரிந்தது, உனக்கும் புரியும். அப்பா பல் தேய்க்கிற உமிக்கரியை நான் கொல்லையில் திறந்து போட்டுத்தான் எரிக்கிறேன், உப்பும் கிராம்பும் இடித்துச் சேர்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு அவரவர் தொழில் சாமானை வைப்பது நம் வழக்கம், ஹம்ஸாவின் கரிப் பாட்டிலை மூடியபடியே வெளியே கழுவிக் குங்குமம் இட்டு வைத்தேன். கையோடு அப்பாவின் பற்பொடிப் பாட்டிலையும் கழுவினேன். இரண்டும் ஹார்லிக்ஸ் பாட்டில். அவள் ஒட்டியிருந்த சீட்டு ஊறி வந்துவிட்டது, கோந்து அவ்வளவுதான். பூஜை முடிந்து அவள் ஒன்றை லேபுக்கு எடுத்துப் போனாள், அப்பா ஒன்றைக் குளியலறைக்கு எடுத்துப் போனார். அப்புறம் எவ்வளவு போட்டாலும் தண்ணீர் ஊதாவாகவே இருந்தது. வெளியூர் புரொபசர் பரீட்சைக்கு வரும் நாளும் நெருங்கிவிட்டது. அவள் அழுதுகொண்டே பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள், மஸ்கட்டுக்குத்தான்.

அப்போது அப்பா வாய் கொப்பளித்துவிட்டு வந்து, ஏன் நாகு, கொஞ்ச நாளா பொடில உப்பே இல்லையே, சிக்கனம் பண்றியா என்றார். என் கையாலதானே போட்டேன், உங்க நாக்குக்குத்தான் வயசாச்சு என்றேன். கிராம்பையும் காணோம், ஆனா பல்லு மட்டும் பளபளன்னு இருக்கு என்றார். ஹம்ஸா பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு பாட்டிலையும் முகர்ந்தாள். லேபில் அடிக்கிற நாற்றத்தில் கிராம்பு தெரியவில்லையாம். அய்யய்யோ தாத்தா, என் பிராஜெக்டைப் பல்லுல தேச்சிட்டீங்களே என்று கத்தினாள். நல்லாத்தாம்மா இருந்தது, வேணும்னா சர்டிபிகேட் எழுதித் தரேன் என்றார் அப்பா.

அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத்தான் புரொபசர் முன்னால் போட்டு வடிகட்டினாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி வந்ததாம், அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். கரி ஏன் இவ்வளவு கொஞ்சம் என்றதற்கு, வீட்டுல செலவாயிடுச்சு சார் என்றாளாம். முதல் வகுப்புப் போட்டு, மேலே ஆராய்ச்சிக்கும் சேரச் சொல்லியிருக்கிறார். சேர்த்துவிட்டேன். தேறாவிட்டால்தான் மஸ்கட் என்று நீயே எழுதியிருந்தாய், அதனால் உன்னைக் கேட்கவில்லை.

இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். வெயிலில் மோர் குடி. ஹம்ஸா மேசையில் வைக்க உங்கள் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. இங்கே இருக்கிற போட்டோவில் நீ கோபமாக இருக்கிறாய். இந்தக் கடிதத்தைப் படித்து, இரண்டு நாள் விட்டுப் புதுசை எடுத்துக்கொள்.

உன் அம்மா
நாகலக்ஷ்மி