பதினைந்து அடி

மார்ச் 11, செவ்வாய்

மரிலேனா பாஸ்! நாற்பத்தாறு வயது, நான்காவது முயற்சி. பாரி நகரில் ஓட்டுநர் தேர்வு முடிந்து வண்டியை விட்டு இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “டீச்சர், உங்க பொறுமைக்குக் கோயில் கட்டணும்.” இந்த மாதிரி நாளுக்காகத்தான் இருபத்தேழு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். புண்ணியம்.

ஆறு மணிக்கு வீடு வந்தால் என் ஃபியட்டின் கண்ணாடியில் அபராதச் சீட்டு. பாதசாரிகள் கடக்கும் கோட்டின் மேல், காலை 11.12. எனக்கா? என் வீட்டு வாசலில் அல்லவா நிறுத்திவிட்டுப் பயிற்சி வண்டியில் போனேன்! இது வாசலில் இருந்து பதினைந்து அடி தள்ளி நிற்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரோன்சோ சோபாவில் சுருண்டு கிடக்கிறார். கண் இரண்டும் வீங்கியிருக்கிறது. தூசியாம். சாப்பாடும் வேண்டாமாம்.

மார்ச் 12

யாரோ தள்ளியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் அது புதிதில்லை. குறுகல் தெரு, இரண்டு வரிசை வண்டிகள். அதனால் எல்லோரும் கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக் போடாமல் விட்டுவிட்டுப் போவோம். வழி வேண்டியவர் மெல்லத் தள்ளிக்கொள்வார். “முதலில் கைப்பிரேக்” என்று நாள் முழுக்கக் கத்துகிற நானும் அப்படித்தான்.

ஆனால் கோட்டின் மேல் கொண்டுபோய் விடுவதா? எதிர் சலூன் சபினோவாகத்தான் இருக்கும். நாற்காலி போட்டு நடுத்தெருவில் இடம் பிடிப்பவன் ஆயிற்றே. நேராகப் போய்க் கேட்டேன்.

“யோவ், நீதானே தள்ளினே?”

“ஆமா டீச்சரம்மா. நான்தான்.”

“எதுக்கு?”

“ஒரு வண்டிக்கு வழி வேணும்னாங்க.” கத்தியைத் துடைத்துக்கொண்டே நிற்கிறான். “அபராதத்தை எதிர்த்து மனு போடறதா இருந்தா என் பேரையே எழுதிக்கோங்க.”

சண்டைக்குப் போனால் சண்டை போட வேண்டாமா மனுஷன்? வந்த வழியே திரும்பினேன்.

மார்ச் 13

ஃபியட்டை மறுபடி வாசலில் நிறுத்தி, கைப்பிரேக்கை முழுசாக இழுத்து, கியரும் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி எவன் தள்ளுவான், பார்க்கிறேன்.

மார்ச் 14

வகுப்பில் ஒரே கிண்டல். “டீச்சர், கோட்டு மேல நிறுத்தினா எத்தனை மார்க் போகும்?” சிரித்து வைத்தேன். உள்ளே எரிகிறது. ஓட்டுநர் பள்ளிச் சுவரில் என் படத்துக்குக் கீழே ‘இருபத்தேழு ஆண்டுகள், ஓர் அபராதம்கூட இல்லை’ என்று முதலாளி எழுதி மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துத்தானே பிள்ளைகளை அனுப்புகிறார்கள்? என்னிடம் வேறு என்ன பெருமை இருக்கிறது?

மனு எழுத உட்கார்ந்தேன். வண்டி எப்படி நகர்ந்தது? கைப்பிரேக் போடவில்லை என்று ஓட்டுநர் பயிற்சி ஆசிரியையே எழுதிக் கொடுப்பதா? நல்ல கூத்து.

“விட்டுத் தொலைம்மா, கட்டிடலாம்” என்கிறார் ஒரோன்சோ. தண்ணீர் ரசீதில் ஒரு எண் தப்பு என்று மூன்று மாதம் சண்டை போட்ட மனிதர்! கீழ்வீட்டு மிம்மா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன ஆயிற்று இவர்களுக்கு?

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மனுவோடு வைக்கப் புகைப்படம் வாங்க நகரக் காவல் அலுவலகம் போனேன். எழுத்தர் பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். முதல் படம்: என் வண்டி, வெள்ளைக் கோடு. இரண்டாவது படம் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது. எங்கள் வாசலில் ஆம்புலன்ஸ். பின்கதவு திறந்திருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் ஒரு ஆள், முகத்தில் ஆக்சிஜன். பச்சை ஸ்வெட்டர், முழங்கையில் சிவப்பு ஒட்டு.

அந்த ஒட்டை நான்தான் போட்டேன்.

பக்கத்தில் சபினோ, வெள்ளை அங்கியோடு, ஒரோன்சோவின் கையைப் பிடித்துக்கொண்டு. என் வண்டியின் பின்னால் இன்னும் குனிந்து நிற்கிறவர் யாரோ, பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை. சவரத்தில் பாதியில் எழுந்து ஓடி வந்திருக்கிறார்.

“அம்மா, தண்ணி கொண்டு வரவா?” என்றான் பையன். பிறகு மெதுவாக, “இந்தப் படம் ஒண்ணு போதும், கண்டிப்பா ரத்தாயிடும். இந்தக் கட்டத்தை மட்டும் நிரப்புங்க.” கட்டத்தில் அச்சடித்திருந்தது: ‘அனுமதியின்றி வாகனத்தை நகர்த்தியவர் பெயர்.’

பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தேன். துறைமுகத்தில் வேகவைக்காத பச்சைச் சிப்பி தின்றிருக்கிறார்! அலர்ஜி, தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம். தொண்டை அடைத்து, மாடிப்படியில் விழுந்து, மிம்மாதான் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நான் வருவதற்குள் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தாராம். என்னிடம் சொல்லக் கூடாதென்று தெரு முழுக்கச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

“உன்கிட்ட சொன்னா என்னைக் கொன்னுடுவியோன்னு பயந்தேன்மா.”

“செத்தே போயிருப்பியே பாவி! எனக்கு யாரு இருக்கா?”

துண்டால் நாலு அடி. அப்புறம் அவர் தோளில் விழுந்து அழுதேன். சூடாக இருந்தது தோள். ஆண்டவரே, சூடாக இருந்தது.

மார்ச் 18

சலூனுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான். அதற்குள் சபினோவே பேசினான்.

“எதிர்ல பழவண்டி, இந்தப் பக்கம் உங்க வண்டி. ஆம்புலன்ஸ் மூக்கை நுழைக்க முடியல. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா அவ்ளோதான்னு ஆம்புலன்ஸ்ல வந்த டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க மட்டும் பிரேக் போட்டிருந்தா என்ன பண்ணியிருப்போம் டீச்சரம்மா? அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“ஆறு நாள் முன்னாடி உன்கிட்ட சண்டைக்கு வந்தேனே, அப்போ ஏன்யா சொல்லலே?”

“சத்தியம் பண்ணிட்டேன்ல. அதுவுமில்லாம நீங்க சண்டைக்கு வர்றது என்ன புதுசா?”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே என் ஃபியட் கைப்பிரேக் இழுத்தபடி, கியரில் நின்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமையிலிருந்து.

மார்ச் 19

மனு போடவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டேன். அந்தச் சீட்டு செல்லாது என்று யாரும் எனக்கு எழுதித் தர வேண்டாம்.

பள்ளியில் நாற்காலி போட்டு ஏறி, சுவரில் இருந்ததை நானே அடித்துத் திருத்தினேன்: ‘ஓர் அபராதம்.’ எதற்கு என்று மாணவர்கள் கேட்டார்கள். முழுசாகச் சொன்னேன். யாரும் கிண்டல் செய்யவில்லை.

இன்று புனிதர் சான் ஜூசெப்பே பண்டிகையாதலால் க்ரீம் வைத்த ஸெப்போலே பலகாரம் இரண்டு டஜன் வாங்கினேன். ஒரு டஜன் சலூனுக்கு, அரை டஜன் மிம்மாவுக்கு. நுரை மனிதர் பெயர் ரூஜ்ஜேரோவாம், தபால்காரர், அவருக்கும் கொடுத்தனுப்பினேன். ஒரோன்சோவுக்கு ஒன்றே ஒன்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தினேன். கியரை எடுத்துவிட்டுக் கைப்பிரேக்கை இறக்கினேன். பிறகு இறங்கிப் பின்னால் போய், ஒரு கையால் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது.