எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை, மாமா

மாமா,

நேற்று புக்கிட் பாஞ்சாங் வீட்டு ஸ்டோர் ரூமை ஒழித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தூண்டில்களுக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டி. திறந்தால் உங்கள் பேத்தி கீர்த்தனாவின் காலணிகள். எல்லாம் புத்தம் புதியவை, ஒன்றுக்குக்கூட ஜோடி கிடையாது. அவளுக்கு வலது கால் பெரியது என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்குவோம். பெரியதில் வலதும் சிறியதில் இடதும் அவள் போட்டுக்கொள்வாள். மிஞ்சிய இரண்டையும் நான் குப்பையில் போடப் போனால் நீங்கள் பிடுங்கிக்கொள்வீர்கள். "இந்த ஊர்ல எங்கயாச்சும் ஒரு பிள்ளைக்கு இடது கால் பெரிசா இருக்கும்மா. அதுக்கு ஆவும்" என்பீர்கள். அப்படி ஒரு பிள்ளையை நாம் பார்க்கவேயில்லை. நீங்கள் போயும் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களை மாமா என்று கூப்பிட நான் கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொள்ளவில்லை. என் அம்மாவின் அண்ணன் நீங்கள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே மாமா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வீட்டிலும் ஹார்ன் அடிக்கிற மாதிரிதான் பேசுவீர்கள். அத்தை போன பிறகு சத்தம் இன்னும் கூடிப்போனது. ஒரு நாள் பூவும் பழமும் வெற்றிலையுமாக கேலாங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எம் பையனுக்கு உம் பொண்ணக் குடு. வெளிய போய்த் தேடிக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்ல" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். நானும் உங்கள் மகனும் அதற்கு முன்பே பேசி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடித்தீர்கள்.

கீர்த்தனா பிறந்தபோது வார்டே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய குழந்தை. நாக்கு எப்போதும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பொறந்த ஒடனே தாத்தாவுக்கே பழிப்புக் காட்டுறா பாரு" என்று நர்சுகளிடமெல்லாம் பெருமையடித்தீர்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்து சில நாள் குழாய் வழியாக ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதையும் மறந்துவிட்டோம். குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தாள். பார்க்க வருகிறவர்கள் கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்தோம், சூடம் சுற்றினோம். பிள்ளை நன்றாக வளர்கிறது என்று யாராவது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா?

ஒரு வயது நெருங்கும்போது சிராங்கூன் சாலையில் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தீர்கள். இடது காலில் சுலபமாக ஏறியது. வலது காலில் கொக்கி எட்டவில்லை. உங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமா? என்னையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனீர்கள். "ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசுன்னு குடுத்திருக்கீங்க. பச்சப் புள்ளைக்கு வாங்குறதுலயுமா ஏமாத்துவீங்க?" கடைக்காரர் இரண்டு கொலுசையும் கண்ணாடி மேசையில் அருகருகே நீட்டி வைத்தார். மயிரிழை வித்தியாசமில்லை. பிறகு அவர் குழந்தையின் கால்களைப் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். "அண்ணே, டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றார் மெதுவாக. கொலுசுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கி ஃபேரர் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள்.

மருத்துவமனையில் பெரிய நாக்கு, காது மடலில் இருந்த கோடுகள், ஒரு பக்கம் கூடுதலாக வளரும் உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு பெயர் சொன்னார்கள்: பெக்வித்-வீடமன். உங்கள் வாயில் அது நுழையவே இல்லை. கடைசி வரை 'அந்த ரெண்டு வெள்ளைக்காரன் பேரு'தான். ஆனால் அவர்கள் அடுத்துச் சொன்னது உங்களுக்கு உடனே புரிந்தது. இப்படி அளவுக்கு மீறி வளரும் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்திலோ ஈரலிலோ கட்டி வரும் அபாயம் உண்டு. அதனால் ஏழெட்டு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மரபணு டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. தாளில் கட்டமும் வட்டமுமாக நம் குடும்பத்தை வரைந்தார். உங்களுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு கோடு. என் அப்பா அம்மாவுக்கும் ஒரு கோடு. எனக்கும் உங்கள் மகனுக்கும் நடுவில் மட்டும் இரண்டு. "வொய் டூ லைன், டாக்டர்?" என்று கேட்டீர்கள். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களை அப்படிக் குறிப்பது வழக்கம் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதால் வருகிற நோய்கள் உண்டு, இது அதில் சேராது என்று எவ்வளவோ பொறுமையாகச் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு இல்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டீர்கள். "நாந்தானேம்மா உன்னக் கேட்டு வந்தேன்?"

அன்றிலிருந்து எப்படியாவது உங்களுக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்று அலைந்தேன். பரிசோதனை முடிவு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துச் சொன்னேன். நம் எல்லாருக்கும் மரபணுவில் ஒரு பங்கு அம்மாவிடமிருந்தும் ஒரு பங்கு அப்பாவிடமிருந்தும் வருகிறது. வளரச் சொல்வது அப்பா பங்கு, போதும் என்று அடக்குவது அம்மா பங்கு. கீர்த்தனா என் வயிற்றில் உருவாகத் தொடங்கிய பிறகு, சில செல்களில் மட்டும் அம்மா பங்கு விழுந்துபோய் அப்பா பங்கே இரண்டாகிவிட்டது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வளர்கிறது. யாரும் கொடுத்ததில்லை, தற்செயலாக நடந்தது, யார் வீட்டிலும் நடக்கலாம் என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டீர்கள்.

"அப்பா பங்குதான் ரெண்டாச்சுன்னா, அப்ப எங்க பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு."

"மாமா, நானும் உங்க பக்கந்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் சிரிக்கப் பார்த்தீர்கள். பாதியிலேயே முகம் கோணிப்போய், எழுந்து காரிடார் பக்கம் போய்விட்டீர்கள்.

ஸ்கேன் நாளில் அவள் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். நீங்களும் அவளோடு சேர்ந்து பட்டினி. ஆனால் அறைக்குள் மட்டும் வரமாட்டீர்கள். லிஃப்ட் பக்கத்தில் நின்று, நான் வெளியே வரும்போது என் முகத்தைப் பார்ப்பீர்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் பரோட்டா வாங்கிக் கொடுக்கக் கிளம்பிவிடுவீர்கள். ஒரு முறை ஈரலில் ஏதோ நிழல் தெரிகிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.  அந்த நாட்களில் சிவன் கோயிலை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். மறு ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான் அழுதுகொண்டே ஓடி வந்தேன். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ நான் தப்பிச்சேம்மா" என்றீர்கள்.

போன வருஷம் இதயம் உங்களைப் படுக்கவைத்தது. ஒரு மாலை, பார்க்க வந்தவர்கள் கிளம்பிய பிறகு கேட்டீர்கள்.

"எம் மேல கோவமாம்மா?"

"எதுக்கு மாமா?" என்றேன், எதற்கு என்று தெரிந்தும்.

"வெளிய எங்கயாச்சும் கட்டிக் குடுத்திருந்தா, ஒரு கொறையும் இல்லாம பிள்ள பெத்திருப்ப."

நான் மறுபடியும் செல், பங்கு என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரிம்மா, சரி" என்றீர்கள், குழந்தை உளறுவதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. அதற்கு அடுத்த வாரம் போய்விட்டீர்கள். நீங்கள் போனதைக்கூட ஒரு நாள் தாங்கிக்கொள்வேன் மாமா. அந்தப் பழியைத் தலையில் வைத்துக்கொண்டே போனீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன மாதம் கீர்த்தனாவுக்குக் கடைசி ஸ்கேன். எட்டு வயதாகிவிட்டது, வளர்ச்சியின் வேகமும் அடங்கிவிட்டது, இனி ஸ்கேனுக்கு வர வேண்டாம் என்றார்கள். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் முதலில் ஓடி வந்திருப்பேன். கிளம்பும் முன் ஓர் இளம் டாக்டர், நானும் உங்கள் மகனும் சொந்தமா என்று வழக்கம்போலக் கேட்டார். ஆமாம், என் மாமா மகன் என்றேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கீர்த்தனா பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா உங்களுக்கு ரிலேட்டிவா?"

"ஆமா. நம்ம தாத்தா எங்கம்மாவோட அண்ணன். எனக்கு மாமா. அப்புறந்தான் உனக்குத் தாத்தா."

"நீங்க பேபியா இருக்கும்போதேவா?"

"நான் பொறந்ததுலேருந்து."

ஜன்னல் பக்கம் திரும்பி விரல் விட்டு எண்ணினாள். பிறகு உதடு பிதுங்கியது.

"உங்களுக்குத் தாத்தா அவ்ளோ இயர்ஸ் கெடச்சாரு. எனக்குக் கொஞ்சந்தான். நாட் ஃபேர் லா, அம்மா."

நியாயமில்லைதான் என்றேன்.  மாமா, அன்று நீங்கள் என்னைக் கேட்டு வராமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்தக் கொஞ்சமும் கிடைத்திருக்காது.